மலைப் பேருந்திலேயே வாந்தி வருகிறது, இடம் மாறும் கப்பலில் போகலாமா?

"கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் எனக்கு இரண்டு தடவை வாந்தி வந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் மேற்குக் கரையிலிருந்து சென்னைக்கு இடம் மாறும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, போகலாம் என்கிறார் கணவர். அந்த நேரத்தில் கடல் கொந்தளிக்கும் என்று மற்றவர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். நானும் உங்களைப் போலத்தான். குன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் பர்லியார் வருவதற்குள் கை தானாக எலுமிச்சம்பழத்தைத் தேடும். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் எனக்கு வயிற்றால்தான் தெரியும். அப்படிப்பட்ட நான் இரண்டு வருடத்துக்கு முன் கொச்சியில் ஏறி, இலங்கையைச் சுற்றி, சென்னையில் இறங்கினேன். மூன்று இரவுப் பயணம். அதில் ஒரு பகல் ரொம்ப மோசம். அந்த ஒரு பகலிலும் பாதிக் கஷ்டம் நாங்கள் விவரம் தெரியாமல் போனதால் வந்தது. உங்களுக்கு அது வரக்கூடாது என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கப்பல் ஏன் இடம் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நமக்குப் பெரும்பாலும் காற்றும் சாரலும்தான். நமக்கான மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. கடலிலும் ஏறக்குறைய இதே கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் பொங்கிக் கிடக்கும், தமிழ்நாட்டுக் கிழக்குக் கரை அந்த மாதங்களில் அதைவிட அமைதி. அக்டோபர் பிறந்தால் வங்கக் கடலுக்குப் புயல் காலம். அதனால் சுற்றுலாக் கப்பல் வருடத்தில் ஒரு பாதியை ஒரு கரையிலும் மறு பாதியை இன்னொரு கரையிலும் ஓட்டப் பார்க்கும். கோடையில் அலாஸ்கா பக்கம் ஓடும் கப்பல்கள் செப்டம்பர், அக்டோபரில் வான்கூவர், சியாட்டிலை விட்டுத் தெற்கே கலிபோர்னியா பக்கம் இறங்குவதும் இப்படித்தான்.

எப்படியும் நகர வேண்டிய கப்பல். காலியாகக் கொண்டுபோவதைவிட அறைகளைக் குறைத்து விற்றால் லாபம் என்று விற்கிறார்கள். ஒரு வழிப் பயணம், திரும்பி வரும் செலவு நம்முடையது, அவ்வளவுதான் மலிவின் ரகசியம். ஆனால் இதில் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பருவம் திரும்பப் போகிறது என்பதால்தான் கப்பலே கிளம்புகிறது. அப்படியென்றால் அது கிளம்பும் நாட்களில் கடல் ஏற்கெனவே மாற ஆரம்பித்திருக்கும். கேரளத்தில் மழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. நாங்கள் ஏறியது மே கடைசி வாரம். சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி, ஊரெல்லாம் சீசன் கூட்டம், வண்டி நகர இடமில்லாத நாளில் கிளம்பிப் பாலக்காடு வழியாகக் கொச்சி போய்ச் சேர்ந்தோம்.

இன்னொன்று. கொச்சியிலிருந்து சென்னைக்குக் கப்பல் குறுக்கே வர முடியாது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே பல இடங்களில் நாலு மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. பெரிய கப்பலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். ஆகவே குமரிமுனையைத் தாண்டி, மன்னார் வளைகுடாவின் வாயைக் கடந்து, இலங்கையின் தெற்குக் கோடியான தெய்வந்துறை முனையைச் சுற்றித்தான் வடக்கே ஏற வேண்டும். மன்னார் வளைகுடா வாயில் தொடங்கி அந்த முனை வரைக்கும் தென்மேற்குக் காற்றை மறிக்கக் கரை எதுவும் கிடையாது. உங்கள் பயணத்தில் பயப்பட வேண்டிய இடம் என்றால் அதுதான். அதைத் தாண்டிவிட்டால் இலங்கைத் தீவே சுவர் மாதிரி நின்று காற்றைத் தடுத்துவிடும்.

இதெல்லாம் போவதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் "மேல் மாடியில் முன்பக்கம் பால்கனி அறை, வியூ பிரமாதமாக இருக்கும்" என்றார். நம்பி வாங்கினோம். மலை ஏறும் பஸ்ஸில் நீங்கள் கடைசி சீட்டில் உட்காருவீர்களா? முன்பக்க மேல் அறை கப்பலில் அந்தக் கடைசி சீட்டுதான். குழந்தைகள் ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியும் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும், நடுப்பகுதி லேசாக அசையும். கப்பலும் அலையில் அப்படித்தான் முன்னும் பின்னுமாக ஏறி இறங்குகிறது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் இறக்கை போல ஒன்று வைத்திருக்கிறார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மாடி உயர உயர ஆட்டமும் கூடும். ஆகவே நடுப்பக்கம், கீழ் மாடி. பால்கனி இல்லாவிட்டால் பரவாயில்லை. கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இடம் இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் கொச்சித் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. சீன வலைகளைப் பார்த்துக்கொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தது. அலமாரிக்குள் துணி மாட்டும் ஹேங்கர்கள் டக், டக் என்று இடித்துக்கொண்டிருந்தன. விளக்கைப் போட்டேன். ஜன்னல் திரை சுவரைவிட்டு ஒரு சாண் விலகிச் சாய்ந்து நின்றது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. மேஜையில் இருந்த டம்ளர் நகரவில்லை, உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் உமிழ்நீர் ஊற ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியுமே, அதற்கப்புறம் எதுவும் நம் கையில் இல்லை.

அப்போதுதான் அவோமின் மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்கினேன். அதுவும் வெளியே வந்துவிட்டது. காலை பத்து மணி வரை அறையைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, என்னைத் தனியே விட்டுப் போக மனசில்லாமல் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், முட்டம் ஊர், மீனவக் குடும்பம். என்னைப் பார்த்ததும், "அம்மா, இப்படி அறையிலே படுத்தா கூடத்தான் செய்யும். எழுந்து வெளியே வாங்க, கடலும் வானமும் சேருற கோட்டைப் பாத்துக்கிட்டு நில்லுங்க" என்றான். எழவே முடியாது என்றேன். "ஐயா கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்கம்மா, பத்து நிமிஷம்" என்று விடவில்லை. கப்பலின் நடுவில் கீழ்த்தளத்தில் காற்று அடிக்காத பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். போகிற வழியில் படிக்கட்டுக் கைப்பிடியில் காகிதப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததே பாதி ஆறுதல்.

வெளியே வந்து கால் மணி நேரத்தில் குமட்டல் அடங்கியது. அரை மணியில் பேச்சு வந்தது. காரணத்தை அப்புறம் எங்கள் குடும்ப டாக்டர் விளக்கினார். காதுக்குள்ளே சமநிலைக்கென்று மூன்று வளைந்த குழாய்கள், அவற்றில் திரவம். கப்பல் ஆடினால் அந்தத் திரவம் அசைந்து "ஆடுகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். மூடிய அறையில் கண்ணுக்குத் தெரிவதோ அசையாத சுவர். இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அடிவானத்தைப் பார்க்கும்போது கண்ணும் ஆட்டத்தைப் பார்க்கிறது, சண்டை தீர்ந்துவிடுகிறது. மலைப்பாதையில் செல்போன் பார்த்தால் தலை சுற்றுவதும், எத்தனை வளைவு திரும்பினாலும் டிரைவருக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். அவர் கண் ரோட்டை விட்டு விலகுவதில்லை, அடுத்த திருப்பம் எப்படி வரும் என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும்.

"எங்க ஊருல கச்சான் எடுத்தாச்சும்மா" என்றான் அந்தப் பையன். மேற்கிலிருந்து வரும் காற்றை அவர்கள் கச்சான் என்கிறார்கள். "இது ஒண்ணும் பெரிய கடல் இல்ல. ராத்திரி இலங்கை முனையைத் திரும்பிட்டா காத்து நமக்கு முதுகுப் பக்கம் வந்துரும். நாளைக்குக் காலையிலே பாருங்க, குளம் மாதிரி கிடக்கும்."

அவன் சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது இலங்கையின் கிழக்குப் பக்கத்தில் இருந்தோம், கடல் எண்ணெய் ஊற்றினது போல வழவழவென்று கிடந்தது. தளத்தின் ஓரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் கிழித்துப் போகும் தண்ணீரிலிருந்து வெள்ளியாக ஏதோ பத்துப் பதினைந்து சேர்ந்து எழும்பிப் பறந்தன. குருவிக் கூட்டம் என்றே நினைத்தேன். தண்ணீரை ஒட்டி நேராகப் போய், வால் நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டி மறுபடி எழும்பி, சட்டென்று மறைந்தன. பறவைக்கோலா மீன். முப்பது வருடத்துக்கு மேல் மலையிலேயே இருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தின நாள் பட்ட பாட்டுக்கு அது ஒன்றே போதும் என்று அப்போதே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். மாத்திரை விஷயம்தான் முதலில். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பெரும்பாலும் பலன் இல்லை. உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு, எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொச்சியில் ஏறினால் அன்றைக்கு இரவு படுக்கும் முன்பே போட வேண்டியிருக்கும், ஏனென்றால் விடிவதற்குள் ஆட்டம் வந்துவிடுகிறது. இந்த மாத்திரைகள் நன்றாகத் தூக்கம் வரவைக்கும். கண் அழுத்த நோயோ, ஆண்களுக்கு புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் சில மாத்திரைகள் ஆகாது, அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயிற்றைக் காயப்போடாதீர்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். எனக்கு அன்று மத்தியானம் உள்ளே போய்த் தங்கியது ஊரிலிருந்து கொண்டுபோன வர்க்கிதான். காய்ந்தது, எண்ணெய் வாசனை தூக்காதது, ஒரு கடி கடித்து மெதுவாக மென்றால் போதும். கூடவே இஞ்சி தட்டிப் போட்ட கடுந்தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். வெளிச் சாப்பாட்டுக்குக் கப்பலில் கட்டுப்பாடு இருக்கும், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைச் சீல் பிரிக்காத பாக்கெட் என்பதால் விட்டார்கள்.

வாந்தியைவிட நான் அதிகம் பயந்தது விழுவதற்கு. கப்பலில் குளியலறை வாசலில் ஒரு சின்னத் திட்டு உயர்ந்திருக்கும், இருட்டில் காலை இடிக்கும். இரவு விளக்கு ஒன்று எரியட்டும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும், கனமான கதவின் ஓரத்தில் மட்டும் விரலை வைக்காதீர்கள், ஆட்டத்தில் படாரென்று சாத்திக்கொள்ளும். ரப்பர் அடி உள்ள செருப்பு போதும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மீனவர்களுக்காக மத்திய அரசு நடத்துவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பகுதியில் எத்தனை மீட்டர் அலை என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள். பயப்படுவதற்காகப் பார்க்கச் சொல்லவில்லை. ஆட்டம் எந்த நேரத்தில் தொடங்கும் என்று தெரிந்தால் மாத்திரையையும் சாப்பாட்டையும் அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம்.

இறங்கின பிறகும் ஒரு நாள் தரை ஆடும், கலங்காதீர்கள். சென்ட்ரல் பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்குத் தூண்களெல்லாம் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. நீலகிரி எக்ஸ்பிரஸில் படுத்து எழுந்ததும் சரியாகிவிட்டது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, பஸ்ஸில்தான் ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் சீட்டுப் பிடித்து, அந்தப் பையன் சொன்ன மாதிரி ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். குன்னூர் வரைக்கும் எலுமிச்சம்பழம் பைக்குள்ளேயே இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்டிடம் கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் விடாதீர்கள். அறை எண்ணைச் சொன்னதும் அது வரைபடத்தில் எங்கே வருகிறது என்று நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.