தூக்கத்தை ஊதிப் பார்க்கக் குழாய் இல்லை

கேள்வி: விமானத்தை ஓட்டுவது கம்ப்யூட்டர். மேலே ஏறியதும் பட்டனைத் தட்டிவிட்டு பைலட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளமோ லட்சக்கணக்கில். இதில் ஓய்வு போதவில்லை என்று கோர்ட்டுக்குப் போய் விதியை மாற்ற வைத்து, 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணிகளை ஏர்போர்ட் தரையில் படுக்க வைத்துவிட்டார்கள். இவர்களுக்கு ஏன் இத்தனை செல்லம்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சம்பளத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் கம்ப்யூட்டர். ஓட்டுவது அதுதான், சரி. எங்கே இருக்கிறோம், எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்வது யார்?

2015 மார்ச் 10 அன்று சிட்னியில் கோலாலம்பூர் போகத் தயாராக நின்றது ஒரு ஏர்ஏசியா எக்ஸ் விமானம். வழக்கமாகக் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்ப்பவர் கேப்டன், உள்ளே கம்ப்யூட்டருக்கு விவரம் கொடுப்பவர் துணை விமானி. அன்று இரைச்சலுக்குக் காதில் மாட்டும் மூடி கேப்டனிடம் இல்லாததால் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். விமானம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகை 151 பாகை (டிகிரி) 9.8 கலை (நிமிடம்). கேப்டன் தட்டியது 15 பாகை 19.8 கலை. அவ்வளவுதான், சிட்னியில் நின்றுகொண்டிருந்த விமானம் தான் கேப்டவுனுக்குப் பக்கத்துக் கடலில் இருப்பதாக நம்பிவிட்டது, வித்தியாசம் 11,000 கிலோமீட்டருக்கு மேல். எச்சரிக்கைகள் வந்தன, யாரும் பொருட்படுத்தவில்லை. மேலே கிளம்பி ஆட்டோபைலட்டைப் போட்டதும், பக்கத்து ஓடுபாதையிலிருந்து விமானங்கள் ஏறும் பாதைப் பக்கமாக அது திரும்பியபோதுதான் விஷயம் புரிந்தது. சரிசெய்யப் போய் மற்ற கருவிகளும் கெட்டன, சிட்னியில் மேகம் தாழ்ந்திருந்ததால் திரும்பவும் முடியாமல் கடைசியில் மெல்போர்னில் இறங்கினார்கள். கோலாலம்பூர் டிக்கெட்டோடு ஏறியவர்கள் மெல்போர்னில்!

இதில் தூக்கத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். விழித்திருந்த இரண்டு பேரின் கண்ணில் இருந்தே ஒரு எண் இப்படித் தப்பிவிடுகிறது. தப்பான எண்ணைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதையும் பக்தியோடு செய்யும். ‘என்னடா இது, எங்கேயோ போகிறோமே’ என்று சந்தேகப்படத்தான் அங்கே மனிதன் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் ‘சும்மா’ என்று எழுதியிருப்பது அந்த வேலையைத்தான்.

அந்தச் சந்தேகப்படும் புத்திதான் தூக்கம் கெட்டால் முதலில் போவது. 2024 ஜனவரி 25, இந்தோனேசியாவின் பாட்டிக் ஏர் விமானம், கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்கு, 153 பயணிகள். துணை விமானிக்கு வயது 28, வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள், போதாக்குறைக்கு முந்தின நாள்தான் வீடு மாறியிருக்கிறார். ராத்திரி குழந்தைகள் அழ அழ எழுந்து மனைவிக்கு உதவியவர், சரியாகத் தூங்கவில்லை என்று கேப்டனிடமும் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது கேப்டன் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார், துணை விமானி சரி என்றார். இடையில் எழுந்த கேப்டன், நீ தூங்குகிறாயா என்று கேட்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு துணை விமானியே விமானத்தைப் பார்த்துக்கொண்டார். கேப்டன் மறுபடி தூங்கினார். அப்புறம் இவரும் தூங்கிப்போனார். ஜகார்த்தா கன்ட்ரோல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் இல்லை. 28 நிமிடம். கேப்டன் கண் விழித்துப் பார்த்தால் விமானம் போக வேண்டிய வழியில் இல்லை. அவசரமாகத் துணை விமானியை எழுப்பி, கன்ட்ரோலுக்கு ‘ரேடியோவில் கோளாறு’ என்று சொல்லிச் சமாளித்து, நல்லவேளையாகப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

இதில் என்னை உறுத்துவது வேறு. கிளம்பும் முன் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. ரத்த அழுத்தம் சரி, நாடித்துடிப்பு சரி, மது இல்லை. பறக்கத் தகுதியானவர்கள் என்று முத்திரை. எந்தப் பரிசோதனையும் பொய் சொல்லவில்லை, கேட்க வேண்டிய கேள்வியை எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் அப்படித்தான். இந்தியாவில் பைலட் பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பே குடிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், ஊதிப் பார்த்து முதல் தடவை மாட்டினால் 3 மாதம் லைசென்ஸ் நிறுத்தம். நல்ல விதி. ஆனால் 1997-லேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு உள்ள வரம்பே 0.03. மதுவுக்குக் குழாய் இருக்கிறது, தூக்கத்துக்கு இல்லை. ஆகவே மணிக்கணக்கில் ஓய்வு என்று காகிதத்தில் எழுதி வைப்பதைத் தவிர அதைப் பிடிக்க இப்போதைக்கு வேறு நல்ல வழி கிடையாது. லட்சம் சம்பளம் வாங்குபவரின் உடம்புக்கு அவருடைய பே ஸ்லிப் தெரியாது.

இன்னும் சந்தேகமிருந்தால் மங்களூர். 2010 மே 22, துபாயிலிருந்து ராத்திரி கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். காக்பிட் ஒலிப்பதிவு சுமார் 2 மணி நேரம், அதில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டை பதிவாகியிருக்கிறது. எழுந்து தரையிறக்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் வந்தது. இறங்காதே, மறுபடி மேலே போ என்று துணை விமானி மூன்று தடவை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது, விமானம் மேட்டு நிலத்தின் விளிம்பிலிருந்து கீழே விழுந்தது. 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர். தூங்கி எழுந்த மந்தம் கேப்டனின் முடிவெடுக்கும் திறனைக் கெடுத்திருக்கலாம் என்று விசாரணைக் குழுவும் எழுதியது.

இப்போது டிசம்பருக்கு வருவோம். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48, ராத்திரிப் பணியில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. இந்த விதியை, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ வெளியிட்டது 2024 ஜனவரியில். தள்ளித் தள்ளிப் போட்டு, முழுசாக அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1. ஏறக்குறைய இரண்டு வருடம். உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் சுமக்கும் இண்டிகோவுக்கு, இத்தனை பைலட் கூடுதலாக வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியாதா? டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. அன்றே, விடுப்பை வார ஓய்வாகக் கணக்கு வைக்கக் கூடாது என்ற கட்டளையை டிஜிசிஏ திரும்பப் பெற்றுக்கொண்டது, ராத்திரிக் கட்டுப்பாடுகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. ஆள் எடுக்காதது நிறுவனம், நெருக்கடியில் கைவைத்தது பைலட்டின் தூக்கத்தில்! செல்லம் யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் இன்னும் வராமல் இருந்தால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடச் சொல்லுங்கள். யார் மீது என்று கேட்கும் இடத்தில் விமான நிறுவனத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.