ஒப்பரேசனுக்குப் பிறகு தள்ளாட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்

கிளிநொச்சிப் பக்கம் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்கிறேன். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நிதானம் தவறுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

முழங்காவிலில் இருந்து ஓர் அக்கா: இவருக்குக் காது நரம்பில் இருந்த கட்டியைக் கொழும்பில் எடுத்து ஐந்து கிழமை. பகலில் நன்றாக நடக்கிறார், இரவில் கரண்ட் போனால் வலப்பக்கம் சரிகிறார். ஏன்?

ஐந்து கிழமையில் இது வழமைதான் அக்கா. நாங்கள் விழாமல் நிற்பதற்கு உட்காது, கண், உள்ளங்காலும் மூட்டுகளும் தரும் உணர்வு என்று மூன்று வேண்டும். அவருக்கு ஒரு பக்கத்துக் காது போய்விட்டது, அந்த வேலையைக் கண்தான் இழுத்துக்கொண்டு போகிறது. இருட்டில் கண்ணும் இல்லை, மணல் முற்றத்தில் இறங்கினால் காலும் ஏமாற்றும். எங்கள் பக்கத்தில் கக்கூஸ் வளவின் மூலையில் இருப்பதுதான் பெரிய கரைச்சல். விறாந்தையில் இருந்து அதுவரைக்கும் கப்பு நட்டு, இடுப்பளவில் ஒரு தடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். ரோச் லைட் தலையணைக்குக் கீழேயே இருக்கட்டும். தேய்ந்த பாட்டாச் செருப்பை எறிந்துவிட்டு, குதிக்கு வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

கிளிநொச்சித் தம்பி ஒருவர்: காது எலும்பில் ஒப்பரேசன் செய்து இரண்டு மாதம். தலையைத் திருப்பினாலே சுற்றுகிறது, அதனால் படுத்தே இருக்கிறேன். தலைச்சுற்றுக்குத் தந்த சினரிசின் குளிசையும் விடாமல் போடுகிறேன்.

தம்பி, படுத்தே இருப்பதுதான் இப்போது உங்களுக்கு எதிரி. மிச்சம் இருக்கிற காதை வைத்துக்கொண்டு சமாளிக்க மூளை பழகவேண்டும், சுற்றுகிற அசைவைக் கொடுத்தால்தான் அது பழகும். அந்தக் குளிசை முதல் சில நாளுக்கு நல்லது, மாதக்கணக்கில் போட்டால் பழகுவதையே தாமதப்படுத்தும். கிளினிக்கில் கேட்டுக் குறையுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

தலையைத் திருப்பலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்றால் இதைச் செய்து பாருங்கள். சுவரில் நாட்காட்டி தொங்கும்தானே, அதில் இன்றைய திகதியின் இலக்கத்தைப் பார்த்தபடி, கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் இருங்கள். கண்ணை இலக்கத்தில் இருந்து எடுக்காமல், ‘வேண்டாம்’ என்பது போல் தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். இலக்கம் மங்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று தடவையாவது. பழகினால் எழுந்து நின்று செய்யலாம், பின்னால் ஒருவர் நிற்கட்டும். கொஞ்சம் சுற்றும், குமட்டும், பயப்படவேண்டாம். கால் மணித்தியாலத்தில் அடங்கினால் அளவு சரி, பின்னேரம் வரைக்கும் இழுத்தால் அடுத்த நாள் குறைத்துச் செய்யுங்கள்.

ஒட்டுசுட்டான் ஐயா: எனக்கும் காதில்தான் ஒப்பரேசன். மோட்டார் சைக்கிள் எப்போது ஓடலாம்? வயலுக்குப் போகவேண்டும்.

தலையைச் சட்டென்று திருப்பிப் பின்னால் வரும் லொறியைப் பார்க்கும்போது சுற்றாமல் இருக்கவேண்டும், வைத்தியரும் சரி சொல்லவேண்டும். அதுவரை ஏ9 பெருவீதிப் பக்கமே போகாதீர்கள். வரம்பில் நடப்பது நல்ல பயிற்சிதான், ஆனால் கடைசிப் படி. முதலில் சீமெந்துத் தரை, பிறகு முற்றம், பிறகு அகல வரம்பு, அதுவும் பொல்லோடு. அப்புறம், குளத்தில் நீச்சல் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குள் முங்கினால் எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் போகலாம்.

இன்னொருவர்: அம்மாவுக்கு வலது இடுப்பில் ஒப்பரேசன். பொல்லு எந்தக் கையில்?

இடது கையில். நோகிற பக்கம்தான் பிடிக்கவேண்டும் என்று எல்லா அம்மாமாரும் சண்டைக்கு வருவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொல்லும் நோகும் காலும் முதலில். பிரஷர் குளிசை போடுகிறவர் என்றால், எழும்பியவுடன் நடக்காமல் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பட்டும்.

பலரும் கேட்டது: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

பேச்சுக் குழறினால், பார்க்கிறதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால், முகமோ கை காலோ புதிதாக இழுத்தால், திடீரென்று தாங்கமுடியாத தலையிடி வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், மூக்காலோ காதாலோ தண்ணீர் போல் வடிந்தால் காத்திருக்கவேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடி சுற்றி அடங்கினால் அவசரம் இல்லை. அது உட்காதுக்குள் சின்னத் துகள்கள் இடம் மாறியதாக இருக்கலாம். அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள், தலையைச் சில நிலைகளில் சாய்த்துத் திருப்பியே பெரும்பாலும் சரியாக்கிவிடுவார்கள்.