முப்பதைத் தாண்டியபின் முதல் தட்டடவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சின்ன வயதில் பரதம் கற்க ஆசை, வீட்டில் விடவில்லை. இப்போது 38 வயது, காட்பாடியில் வேலை. இனிமேல் ஆரம்பித்தால் உருப்படியாக ஏதாவது ஆட முடியுமா?

முடியும். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி பிறந்தது 1904. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று அவர் முதன்முதலாகப் பரதம் ஆட மேடையேறியது 1935-இல், 31 வயதில். அதற்கு முன்பே அவருக்கு பாலே பழக்கம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் அவருடைய வேகத்தை உங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஒரு மணி நேரம், வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அடவுகளுக்கு (அடிப்படைக் கால், கை அசைவுகளுக்கு) மட்டும் ஒன்றரை வருடம் ஒதுக்குங்கள். அதன் பிறகு, மூன்று எண்ணிக்கை நடையில் ஆடும் முதல் உருப்படியான திஸ்ர அலாரிப்பு. மேடையில் அது சில நிமிட உருப்படிதான். ஆனால் கண், கழுத்து, தோள், அரைமண்டி (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை), முழுமண்டி (முழுவதும் உட்காரும் நிலை) எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைச் சுத்தமாக ஆடினால் தாராளமாக நாலு பேர் முன் நிற்கலாம்.

பெரியவர்களிடம் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. அடவு மண்டைக்குள் ஒரே நாளில் ஏறிவிடும், காலுக்கு ஒரு மாதம் ஆகும். "புரிந்துவிட்டதே, அடுத்தது சொல்லுங்கள்" என்று குருவை அவசரப்படுத்துகிறவர்கள்தான் ஆறாவது மாதத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது. வயதுதான் காரணமா? (சத்துவாச்சாரி, 44)

வயதைக் குறை சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அரைமண்டியில் பாதங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, முட்டி எந்தப் பக்கம் போகிறது? கண்ணாடி முன் நின்று பாருங்கள். பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே முட்டி இருக்க வேண்டும். பாதத்தை வலுக்கட்டாயமாக ஒரே கோடாக விரித்துவிட்டு, முட்டி மட்டும் முன்பக்கம் சரிந்தால், கால் முறுக்கிய துணிபோல ஆகிவிடும். அந்த முறுக்கு முழுவதும் முட்டியில்தான் இறங்கும். கால் விரிய வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி: குதிகால் இரண்டும் சேர்த்து நிமிர்ந்து நில்லுங்கள். பிட்டத்தை இறுக்கி, தொடையோடு சேர்த்துக் காலை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடுப்பு பின்னால் தள்ளாமல் எவ்வளவு திரும்புகிறதோ அதுவே இன்றைய உங்கள் விரிவு. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். மாதக்கணக்கில் அது தானாகக் கூடும்.

இரண்டாவது, ஆழம். சிறுமிகள் உட்காரும் அளவுக்கு நீங்களும் உட்காரத் தேவையில்லை. முதல் மூன்று மாதம் பாதி அரைமண்டி போதும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணிக்கையில் இறங்கி, எட்டு எண்ணிக்கை நின்று, எட்டில் ஏறுங்கள். ஐந்து முறை, தினமும். தொடை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும்.

மூன்றாவது, தட்டும் விதம். காலைத் தூக்கும்போது உடம்பும் மேலே எழுந்து, தட்டும்போது குதிகால் முதலில் தரையில் மோதினால், அந்த அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். தலை ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சத்தத்தைக் கேட்டாலே தெரியும்: குதிகால் மோதினால் மொத்தென்று கனமாக இருக்கும், முழுப் பாதமும் தட்டினால் உள்ளங்கையால் தொடையில் தட்டியது போலத் தெளிவாகக் கேட்கும்.

தரையும் முக்கியம். நம் ஊர் வீடுகளில் டைல்ஸ், கிரானைட், கடப்பாக் கல்தான் அதிகம். எதுவும் கொஞ்சம்கூட நெகிழாது. வீட்டில் பாதி பலத்தில் தட்டினால் போதும். யோகா மேட்டைப் போட்டு ஆடாதீர்கள். அது பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முட்டி மட்டும் திருகும். ஜமுக்காளம் வழுக்கும்.

தொடை, கெண்டைக்கால் சதையில் இரண்டு மூன்று நாள் வலி இருந்தால் பரவாயில்லை, அது வேலை செய்த வலி. முட்டி வீங்கினால், மடக்கும்போது பூட்டிக்கொண்டால், உள்பக்கம் குத்தினால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போவது தவறு.

கால் சரியாகப் போனால் கை நின்றுவிடுகிறது. கை போனால் தாளம் போய்விடுகிறது. எனக்கு வராதோ? (குடியாத்தம்)

வரும். வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் வாய், பிறகு கை தாளம், அதன்பின் கால், கடைசியில் ஹஸ்தம் (கை முத்திரை).

ஒரு வாரத்துக்குக் காலை அசைக்கவே வேண்டாம். குடியாத்தத்திலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். தொடையில் ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. அதன்மேல் தட்டடவின் (காலால் தட்டும் முதல் அடவு) சொல்லான "தெய்யா தெய்" சொல்லுங்கள். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு சொல் விழுவது முதல் காலம் (வேகம்), இரண்டு விழுந்தால் இரண்டாம் காலம், நான்கு என்றால் மூன்றாம் காலம். தாளத்தின் வேகம் மாறவே கூடாது. சொல்தான் நெருங்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டாம் காலம் வந்ததும் தாளத்தையும் சேர்த்து ஓட்டிவிடுகிறார்கள். போனில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 50-இல் வைத்துப் பழகினால் இந்தத் திருட்டு உடனே பிடிபடும்.

வாய் தடுமாறாமல் மூன்று காலமும் சொல்ல வந்தபின், கையை இடுப்பில் வைத்துக் கால் மட்டும். அதுவும் நின்றபின் ஹஸ்தம். நாட்டடவுக்கும் ("தெய்யும் தத்த தெய்யும் தா") இதே வரிசைதான். நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது, மற்றக் காலின் அரைமண்டி எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதித்து மெட்டடவை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் குருவிடம் கேளுங்கள். நுனிக்காலில் குதித்து இறங்கும் அடவு அது. கெண்டைக்கால் பலப்படாமல் அதில் இறங்கக் கூடாது. அதுவரை சுவரைப் பிடித்து நுனிக்காலில் ஏறி இறங்குவது, பத்து முறை, இரண்டு தவணை.

சர்க்கரை இருக்கிறது. வெறுங்காலில் ஆடலாமா? (ஆம்பூர், 52)

மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொண்ட பிறகுதான் சேர வேண்டும். கால் மரத்திருந்தால், தட்டுவதால் வரும் கொப்புளமோ, தரையில் கிடக்கும் சிறு கல் கிழித்த காயமோ உங்களுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். உணர்ச்சி நன்றாக இருந்தால் ஆடலாம். ஆடுமுன் தரையைக் கூட்டுங்கள். ஆடியபின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வகுப்புக்குப் போகக் கூடாது, கைப்பையில் சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். சாக்ஸ் போட்டு ஆடினால் வழுக்கும்.

எனக்குப் பரதத்தைவிடக் கூத்துதான் பிடிக்கும். செய்யாறு பக்கம் சொந்த ஊர். வெளி ஆள், அதுவும் 35 வயதுக்காரன், கற்றுக்கொள்ள முடியுமா?

உங்கள் பக்கத்திலேயே, தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இருக்கிறது. அந்த ஊரின் கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரானிடம், நாடகாசிரியர் நா. முத்துசாமியின் கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவின் நடிகர்கள் நகரத்திலிருந்து வந்து அடவு கற்றார்கள். அவர்களும் பிறவிக் கூத்தர்கள் இல்லை.

ஆனால் வாரம் ஒரு மணி நேரம் போய்வரும் வகுப்பாக இதை நினைக்காதீர்கள். கூத்தாடி தானே பாடி, தானே வசனம் பேசி, தானே ஆட வேண்டும். முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் ஈடாகக் குரல் எழும்ப வேண்டும், மூச்சு நிற்க வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலம். அப்போது விடிய விடிய உட்கார்ந்து, ஒரே ஜமாவை (கூத்துக் குழுவை) நாலைந்து ராத்திரி பாருங்கள். பார்க்காமல் வாத்தியாரிடம் போய் நிற்பதைவிட அப்படிப் பார்த்தபின் போய் நின்றால் மதிப்பு. முதலில் பின்பாட்டில் (பின்னால் நின்று சேர்ந்து பாடுவதில்) சேர்த்துக்கொள்வார்கள். தயங்காமல் பாடுங்கள், தாளம் உடம்பில் ஏறுவது அங்கேதான். கிறுகிறுவென்று சுற்றும்போது தலைசுற்றுகிறவர்கள் கண்ணை ஒரு விளக்கில் நிறுத்தி, தலையைக் கடைசியில் திருப்ப வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு சுற்றுவது அதற்கு வெகுநாள் கழித்து.

வகுப்பில் எல்லாம் பத்து வயதுக் குழந்தைகள். கூச்சமாக இருக்கிறது. (இராணிப்பேட்டை, ஆண், 41)

கூச்சத்தைவிடப் பெரிய பிரச்சினை, அந்த வகுப்பின் வேகம் உங்கள் உடம்புக்கு ஒத்துவராது என்பது. பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்களைப் போல் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டால் பெரும்பாலான குருமார்கள் நேரம் ஒதுக்குவார்கள். சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டு போனைப் பார்ப்பவரா, ஒவ்வொருவர் முட்டியையும் முதுகையும் பார்த்துத் திருத்துபவரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்? சலங்கை எப்போது?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். இறுக்கமில்லாத பருத்திச் சுடிதார், துப்பட்டாவை மார்புக்குக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்தால் போதும். ஆண்களுக்கு வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டலாம், பைஜாமாவும் சரிதான். முட்டி தெரியாத தொளதொளப்பு மட்டும் வேண்டாம். குருவுக்கே தவறு தெரியாது. சலங்கையை அடவுகள் முடிந்து, குரு பூஜை போட்டுத் தரும்போது கட்டுங்கள். அதற்கு முன் கட்டினால் சலங்கைச் சத்தம் தட்டின் தவறை மூடிவிடும்.

சித்திரை, வைகாசியில் எப்படிப் பயிற்சி செய்வது?

காலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மாலை என்றால் ஏழரைக்குப் பிறகு, அதுவும் கீழ்வீட்டில். மொட்டை மாடித் தளம் இருட்டிய பின்னும் சூடு விடாது, உள்ளங்கால் வெந்துபோகும். நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ அரை மணி நேரம் முன்பே குடித்துவிடுங்கள்; முழுமண்டிக்கு உட்காரும்போது வயிறு நிறைந்திருக்கக் கூடாது.