பிராட்வே பார்களில் பாடியும் ரெக்கார்டு கம்பெனி கண்டுகொள்ளவில்லையா?

முதலில் பாடும் இடத்தை மாற்றுங்கள். ஒரு வருடமாக, அமெரிக்காவின் கன்ட்ரி இசை நகரமான நாஷ்வில்லில், பிராட்வே தெரு பார்களில் பாடுவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே வரும் சுற்றுலாக் கூட்டம் கேட்பது பழைய ஹிட் பாடல்களைத்தான். டிப்ஸ் வாளி நிறையும், உங்கள் சொந்தப் பாட்டு யார் காதிலும் விழாது.

அதே ஊரில், பாட்டு எழுதுகிறவர்கள் தங்கள் பாட்டைப் பாடும் புளூபேர்ட் கஃபேயின் திங்கள் இரவு ஓப்பன் மைக்குக்கு (புதியவர்களும் மேடையேறிப் பாடும் நிகழ்ச்சி) போங்கள். சுமார் 90 இருக்கைதான், ஆனால் யாராவது பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். பிரபல கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸை 1988இல் கேப்பிட்டல் ரெக்கார்டு கம்பெனியார் கவனித்தது அங்கேதான்.

போவதற்கு முன், சொந்தப் பாட்டு ஒன்றை வெறும் கிட்டாரோடு போனில் பதிந்து கேளுங்கள். இரண்டாவது சரணத்தில் கதை நகரவில்லையென்றால் எழுத்தில்தான் வேலை பாக்கி. கூட எழுத ஆள் தேடுங்கள், அந்த ஊரில் அது சகஜம்.

அப்புறம், பாட்டை வெளியிட உங்களிடமே பணம் கேட்பவரிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.