ஓதம் ஏறும் பழைய வீடு: முதலில் வெளியே போய்ப் பாருங்கள்

பெங்களூரு பிரேசர் டவுனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மாமனாரின் அப்பா வாங்கிய ஓட்டு வீடு. தொண்ணூறு வருஷம் இருக்கும். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். சிமென்ட் பூசியும் உப்புப் பூத்து உதிர்கிறது. ஏப்ரலில் வெக்கை, டிசம்பரில் குளிர். காவித் தரை வழுக்குகிறது என்று மாமியார் பயப்படுகிறார். சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு, மேலே ஃபால்ஸ் சீலிங், தரைக்கு டைல்ஸ் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?"

மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மூன்றுமே ஈரத்தையும் சூட்டையும் உள்ளேயே அடைத்துவிடும்.

அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் அந்த வழியை மூடுகிறது. ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறுகிறது. அல்சூரில் நான் பழுதுபார்த்த ஒரு வீட்டில் நாலடிக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். அது முடிகிற இடத்துக்கு மேலே, கோடு கிழித்தாற்போல வெள்ளையாக உப்பு. விரலால் தொட்டால் உள்ளிருந்து பழைய காரை மாவாகக் கொட்டியது.

எனவே சுவரைத் தொடுவதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். வீட்டைச் சுற்றி, சுவரை ஒட்டி சிமென்ட் தளம் போட்டிருக்கிறதா? நான் பார்த்த வீடுகளில் பாதிக் குற்றவாளி அதுதான். வாசலுக்கு ஒருமுறை, கார் நிறுத்த ஒருமுறை என்று தளம் உயர்ந்துகொண்டே வந்து, சில இடங்களில் உள்தரைக்கு மேலேயே போய்விடும். ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் அதில் அடித்து சுவரில் தெறிக்கும். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து எடுத்து, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்த்தி, ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓட வாட்டம் வேண்டும். அப்படியே மழைநீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது, பாத்ரூம் குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம்தான் உள்ளே. மழை ஓய்ந்ததும் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைச் சில மாதம் உலர விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைக்கும் வழக்கம் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பூசியபின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு, மெதுவாக இறுக விட வேண்டும். மேலே சுண்ணாம்பு அடிக்கலாம். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

வெக்கைக்கு வருவோம். பிரேசர் டவுனே 1898 பிளேக் நோய்க்குப் பிறகு, தண்டுப் பகுதியின் (ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட்) நெரிசலைக் குறைக்க உருவானது. உயர்ந்த கூரை, மேலே சிறு வென்டிலேட்டர் எல்லாம் காற்றுக்காக வைத்தவை. உங்கள் வீட்டில் அவை அட்டை வைத்து அடைபட்டிருந்தால் திறந்து, கொசுவலை அடியுங்கள். உடைந்த மங்களூர் ஓடுகளை மாற்றுங்கள். கைமரங்களின் நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையானோ உளுப்போ இருக்கிறது. மரம் நன்றாக இருந்தால் ஓட்டுக்குக் கீழே பலகைச் சீலிங் போடலாம். நடுவில் இடைவெளி விட்டு, இறவாணத்திலும் (கூரையின் கீழ் விளிம்பு) உச்சியிலும் காற்று போய்வர வழி வைத்தால் சூடு நன்றாகக் குறையும். டிசம்பருக்கு ஜன்னல் சந்துகளில் ரப்பர் பட்டையும் கனமான திரையும் போதும்.

காவித் தரையை டைல்ஸால் மூடினால் அடியில் உள்ள ஈரம் சுவருக்குத்தான் போகும். வழுக்குவது பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் தேய்த்துத் தேய்த்துப் படிந்த படலம். மிதமான சோப்பும் வெந்நீரும் போதும், ஆசிட் வேண்டவே வேண்டாம். எனக்குக் கவலை மாமியாரின் பாத்ரூம்தான். அங்கே மட்டும் சொரசொரப்பான கல் போட்டு, கைப்பிடி வையுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் சாதாரண திருகாணி நிற்காது. நீள போல்ட் போட்டுச் செங்கல்லிலேயே பிடிக்கச் சொல்லி, உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். பழைய ஒயரிங் என்றால் எர்த்தைச் சோதித்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கொத்தனாரை முடிவு செய்யும் முன் பின்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஆணியால் கீறுங்கள். மாவாகக் கொட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.