பின் சக்கரமும் ஸ்விங் ஆர்மும் மாற்றும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பைக்கின் பின் சக்கரத்தையும், அதைச் சேஸியோடு இணைத்து மேலும் கீழும் ஆடும் இரும்புக் கையான ஸ்விங் ஆர்மையும் மாற்றுவதைப் பற்றியவை. எழுதியவர்கள் எல்லோரும் சேலத்துக்காரர்கள், அடிக்கடி ஏற்காடு போய் வருகிறவர்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். சமதளத்தில் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும் தவறு, மலையிலிருந்து ஒருமுறை இறங்கும்போதே வெளியே வந்துவிடும்.

கேள்வி: என்னிடம் யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. பழைய எஃப்இசட் 16-இன் பின் சக்கரமும் ஸ்விங் ஆர்மும் மலிவாகக் கிடைக்கின்றன. அப்படியே மாட்டலாமா? (அம்மாப்பேட்டை)

பதில்: அப்படியே மாட்ட முடியாது. டயரின் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் 2.75-18 டயரின் விட்டம் ஏறக்குறைய 597 மி.மீ., எஃப்இசட்டின் 140/60-17 ஏறக்குறைய 600 மி.மீ. கியர் விகிதம் மாறியது தெரியக்கூடத் தெரியாது. சிக்கல் மற்ற இடங்களில் இருக்கிறது. எஃப்இசட்டின் ஆர்ம், நடுவில் ஒரே ஷாக் அப்சார்பர் வைக்கச் செய்தது. ஆர்எக்ஸில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அவற்றைப் பிடிக்க ஆர்மில் புதிதாகக் காது (போல்ட் போடத் துளையுள்ள இரும்புத் துண்டு) வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். சேஸியில் ஆர்ம் உட்காரும் இடத்தின் அகலமும் ஒத்துப்போகாது, லேத் பட்டறையில் புஷ் (போல்ட்டைச் சுற்றி உள்ளே உட்காரும் குழல்) கடைந்து போட வேண்டும். போட்ட பிறகு ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. டிரம் பிரேக்கின் தகட்டையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் நீளமான இரும்புப் பட்டை. பிரேக் மிதிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து தகடும் சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடிப்பது இந்தப் பட்டை மட்டும்தான். ஆர்ம் மாற்றும்போது துளை பொருந்தவில்லை என்று மெல்லிய தகட்டில் ஒரு காது செய்து ஒட்டிவிடுகிறார்கள். பல வருடங்களுக்கு முன் என் வண்டிக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியில், பாதி வளைவுகள் தாண்டியதும் வெல்டிங் விட்டது. தகடு சுழன்று, பிரேக் கம்பி வளைந்து, பின் சக்கரம் அப்படியே இறுகி நின்றது. ஓரத்து மண் மேட்டில் சாய்ந்ததால் தப்பித்தேன். எதிர்ப்பக்கம் பள்ளம். அதிலிருந்து யார் வண்டி மாற்றியிருந்தாலும் முதலில் குனிந்து அந்தப் பட்டையைத்தான் பார்க்கிறேன். கனமான காது, சரியான போல்ட், கழன்று விழாமல் இருக்க ஸ்பிளிட் பின். இந்த மூன்றும் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், 11 குதிரைத்திறன் வண்டிக்கு 140 டயர் வீண் சுமை. ஆர்எக்ஸின் ஆர்மை அப்படியே வைத்து, புஷ் மட்டும் புதிதாகப் போட்டு, 3.00-18 டயர் மாட்டுங்கள். வளைவில் வண்டி திரும்பும் சுகம் கெடாது.

கேள்வி: பழைய புல்லட்டின் 19 அங்குலப் பின் சக்கரத்துக்குப் பதில் கிளாசிக் 350-இன் 18 அங்குலச் சக்கரம் போட்டால் வண்டி தாழ்ந்துவிடுமா? (சூரமங்கலம்)

பதில்: தாழாது. 3.25-19 ஏறக்குறைய 648 மி.மீ., 2021-க்கு முந்தைய கிளாசிக்கின் 110/90-18 ஏறக்குறைய 655 மி.மீ. புது டயர் அகலமானது என்பதால் செயின் பக்கமும் மட்கார்டு பக்கமும் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அதில் மாற்றம் வராது.

கேள்வி: எஸ்டேட்டில் காபி மூட்டை ஏற்ற ஸ்ப்ளெண்டரின் ஸ்விங் ஆர்மை இரண்டு அங்குலம் நீட்டி வெல்டிங் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா? (நாகலூர்)

பதில்: வேண்டாம் ஐயா. உதாரணத்துக்கு, 450 மி.மீ. ஆர்மை 500 ஆக்கி, ஷாக் மாட்டும் இடத்தை மாற்றாமல் விட்டால், பின் சக்கரத்தில் விழும் அதே எடை ஷாக்கின் மேல் சுமார் 11 சதவீதம் கூடுதலாக அழுத்தும். வண்டி பின்னால் உட்காரும். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூடுவதால் கொண்டை ஊசி வளைவில் திரும்ப அதிக இடமும் கேட்கும். மூட்டை எடைக்கு வேண்டியது கனமான ஸ்பிரிங், நல்ல டயர், சரியான காற்று. அதோடு ஒரு நடைக்கு ஒரு மூட்டை குறையுங்கள்.

சட்டமும் இங்கே குறுக்கே வருகிறது. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஆர்சி-யிலேயே பதிவாகியிருக்கும். பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: வேறு ஸ்விங் ஆர்ம் போட்ட பிறகு வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பின்னால் ஆள் ஏறினால் செயின் கரகரக்கிறது. (கோரிமேடு)

பதில்: இரண்டும் தனித்தனி நோய்கள். இழுப்பதற்கு, சக்கரத்தை நேராக வைக்க ஆர்மில் போட்டிருக்கும் கோடுகளை நம்பாதீர்கள், அவை வேறு வண்டிக்குப் போட்டவை. ஆர்மைச் சேஸியோடு பிடிக்கும் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து சக்கர ஆக்ஸிலின் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து சமமாக்குங்கள். அப்புறம் பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி நூல் பிடித்து முன் சக்கரம் வரை இழுங்கள். முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் நடுவில் இல்லை. கம்பிச் சக்கரமானால் ஸ்போக்கை இறுக்கித் தளர்த்தி நகர்த்தலாம், அலாய் என்றால் ஆக்ஸிலில் சக்கரத்தின் பக்கத்தில் வரும் குழலான ஸ்பேசரைக் கடைந்துதான் ஆக வேண்டும்.

செயினுக்கு வருவோம். முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்), ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இறுகும். வெறும் வண்டியில் பார்த்துத் தொய்வு வைத்தால், ஆள் ஏறியதும் அந்த நிலைக்கு வந்து இழுக்கும். கியர்பாக்ஸ் பேரிங் அதில்தான் போகிறது. ஷாக்கைக் கழற்றி, ஆர்மை அந்த நேர்கோட்டுக்குத் தூக்கி வைத்து, அங்கேயும் செயின் விரலுக்குக் கொஞ்சம் ஆடும்படி இறுக்கத்தை வையுங்கள்.