நிஜ நிகழ்வுகளை வைத்து மாணவர்களுக்கு அறிவியல் கற்பிப்பது பலன் தருமா? எப்படித் தொடங்குவது?

பலன் தரும், ஒரு நிபந்தனையோடு. நிகழ்வின் முடிவை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது.

பள்ளியில் பல ஆண்டுகளாக அறிவியல் நடத்தி வருகிறேன். பெரும்பாலான வகுப்புகளில் நிஜ நிகழ்வுகள் பாடத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில்தான் வருகின்றன. சூத்திரம், வரையறை, கணக்கு எல்லாம் முடிந்த பிறகு, "இதனால்தான் அந்த விபத்து நடந்தது" என்று ஆசிரியர் ஒரு கதை சொல்வார். மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள். ஆனால் அவர்கள் யோசிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. கேள்வி என்ன, விடை என்ன என்பதை ஆசிரியரே முடித்து வைத்துவிட்டார்.

அதே நிகழ்வைப் பாடத்தின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அதில் இருந்தவர்கள் முடிவெடுத்தாக வேண்டிய இடத்தில் கதையை நிறுத்துங்கள். அன்றைக்கு அவர்களிடம் இருந்த தகவலை மட்டும் மாணவர்களுக்குக் கொடுங்கள். சட்ட மாணவர்கள் தீர்ப்புகளைக் கொண்டு படிக்கும் முறை 1870-களிலேயே ஹார்வர்டில் வேரூன்றிவிட்டது. அறிவியல் வகுப்புகளில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைட் ஹெரிட். தகவலைத் துண்டு துண்டாகக் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நிறுத்தி யோசிக்கவைக்கும் முறையை அவர் பெரிதும் பரிந்துரைத்தார். நான் கடைப்பிடிப்பதும் அதைத்தான்.

ஒரே பாடவேளையில் முடிகிற எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். அடர்த்தி பற்றிய பாடம். வரையறை எதுவும் சொல்லாமல் ஒரு துண்டுத் தாளைக் கொடுப்பேன். "விமானத்தில் எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. அளவுகோல் கொண்டு அளந்ததில் தொட்டிகளில் 7,682 லிட்டர் இருக்கிறது. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் தேவை. எரிபொருள் நிறுவனத்தின் சீட்டில் 1.77 என்ற மாற்று எண் இருக்கிறது. இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?"

கணக்கு எளிதுதான். 7,682-ஐ 1.77 ஆல் பெருக்கினால் 13,597. அதை 22,300-இல் கழித்தால் 8,703. மறுபடி 1.77 ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் இதே விடையோடு கையைத் தூக்கும். "விமானத்தை அனுப்பலாமா?" என்று கேட்பேன். அனுப்பலாம் என்பார்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. "இந்த எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. இதைத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்குமா, மூழ்குமா?"

மிதக்கும் என்று உடனே சொல்வார்கள். அடுத்த சில நொடிகளில் யாராவது ஒருவர் தன் தாளை மறுபடி பார்ப்பார். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. தண்ணீரில் மிதக்கிற பொருளின் ஒரு லிட்டர் எப்படி 1.77 கிலோ இருக்க முடியும்? அந்த எண்ணுக்கு அலகே எழுதப்படவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும். 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. கிலோகிராமில் சொன்னால் அது 0.8 அளவில்தான் இருக்கும். மறுபடி கணக்குப் போட்டால் நிரப்ப வேண்டியது 20,088 லிட்டர் என்று வரும். வகுப்பு அனுப்பிவைத்த விமானம் தேவையான எரிபொருளில் பாதிகூட இல்லாமல் கிளம்பியிருக்கிறது.

இதன் பிறகுதான் பெயரைச் சொல்வேன். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. கனடா மெட்ரிக் அளவுகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நிறுவனத்தின் பழைய விமானங்களில் எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டு வந்தார்கள், புதிய 767 மட்டும் கிலோகிராமில் இயங்கியது. ஏறத்தாழ 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர ஆரம்பித்து, இரண்டு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றுபோயின. எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரை ஓட்டிப் பழகியிருந்த விமானி ராபர்ட் பியர்சன், கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தை மிதக்கவிட்டே இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். மாணவர்கள் இந்தத் தரையிறக்கத்தைப் பற்றித்தான் நிறையக் கேட்பார்கள். கேட்கட்டும். அடர்த்திக்கு அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைத்தால், அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் என்னோடு வாதாட வருவதில்லை.

அடுத்தது பெரிய நிகழ்வு. இதற்கு மூன்று, நான்கு பாடவேளைகளாவது வேண்டும். நேரம் போதாது என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது: இந்த ஒன்றில் கழிவுநீக்கம், உணவுச்சங்கிலி, சோதனை வடிவமைப்பு, விகிதக் கணக்கு எல்லாமே வந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் தனித்தனியாக நடத்த ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

1990-களில் தெற்காசியாவின் பாறு கழுகுகள், அதாவது இறந்த விலங்குகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள், கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. முதல் தாளில் இந்தப் பறவைகளின் மரணம் மட்டும்தான் இருக்கும். உயிரோடு இருக்கும் பறவைகள் தலை தொங்கி உட்கார்ந்திருக்கின்றன, மரத்தடியில் உடல்கள் கிடக்கின்றன, காரணம் தெரியவில்லை.

மாணவர்கள் கருதுகோள்களை அடுக்குவார்கள். தொற்றுநோய், பூச்சிக்கொல்லி, பட்டினி, யாரோ வைத்த விஷம். ஒன்றையும் தள்ளாமல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுவேன். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் இன்னொரு கேள்வி: "இது உண்மையாக இருந்தால் வேறு எதையெல்லாம் நாம் பார்க்க வேண்டும்?" பட்டினி என்றால் உடல்கள் மெலிந்திருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி என்றால் மற்ற பறவைகளும் செத்திருக்க வேண்டாமா? என்னைப் பொறுத்தவரை இந்த அரை மணி நேரம்தான் பாடத்தின் உயிர். பாடப்புத்தகத்தில் "கருதுகோளைச் சோதித்தல்" என்று ஒரே வரியில் போகிற விஷயம் இங்கே மாணவரின் வாயிலிருந்தே வருகிறது.

இரண்டாம் தாள் பிரேதப் பரிசோதனை முடிவு. இறந்த பறவைகள் பலவற்றின் உள்ளுறுப்புகள்மீது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். "யூரிக் அமிலம் ஏன் அங்கே போனது?" என்று மாணவர்கள் கேட்கும்போது நான் பாடப்புத்தகத்தைத் திறப்பேன். நாம் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரியாவாக வெளியேற்றுகிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தால் அது இரத்தத்தில் தேங்கி உறுப்புகளில் படிந்துவிடும். வேறு நாட்களில் கொட்டாவியோடு எழுதிக்கொள்ளப்படுகிற பகுதி இது. இங்கே அது இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்பதால் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் தாளில் ஏமாற்றம் காத்திருக்கும். கிருமிகளைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லிகளைத் தேடினார்கள், கன உலோகங்களைத் தேடினார்கள். சிறுநீரகச் செயலிழப்பை விளக்கும்படி எதுவும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய இடமும் இதுவே. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர், பெரும்பாலும் அதுவரை பேசாதவர், "அவை சாப்பிட்ட மாட்டுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிடுவார். ஆய்வாளர்களும் அந்த வழியில்தான் போனார்கள். பறவைகளின் உணவான கால்நடைகளுக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய எந்த மருந்து புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். கிடைத்த பெயர் டைக்ளோஃபினாக், வலி நிவாரணி.

நான்காம் தாளில் இரண்டே எண்கள். பாகிஸ்தானில் நடந்து 2004-இல் வெளியான அந்த ஆய்வில், உறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து இறந்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. "போதுமா?" என்று கேட்பேன். போதும் என்று பாதி வகுப்பு, போதாது என்று பாதி வகுப்பு. சேர்ந்து காணப்படுவதும் காரணமாக இருப்பதும் ஒன்றா என்ற வாதம் இங்கே மாணவர்களுக்குள்ளேயே நடக்கும். மருந்து கொடுக்கப்பட்ட விலங்கின் இறைச்சியைப் பறவைக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கும் பறவையை அப்படிச் சோதிக்கலாமா என்று இன்னொருவர் எதிர்ப்பார். ஆய்வாளர்கள் சில பறவைகளில் அந்தச் சோதனையைச் செய்தார்கள், அதே பாதிப்பு ஏற்பட்டது. அந்தச் சோதனையைச் செய்தது சரியா என்பதில் என் கருத்தை நான் சொல்வதில்லை.

ஒரு சதவீதத்துக்கும் குறைவான சடலங்களில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவு நேர்ந்துவிடும் என்ற கணக்கீட்டைக் கடைசியில் கொடுப்பேன். நம்ப மாட்டார்கள். ஒரு சடலத்தை எத்தனை பாறுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது என்ற தகவல்களைக் கொடுத்தால், கணக்கை அவர்களே போட்டு நம்பிவிடுவார்கள்.

வரைபடம் கற்பிக்க நான் எடுப்பது சேலஞ்சர் விண்வெளி ஓடம். 1986 ஜனவரி 28 அன்று வெடித்து ஏழு பேரைப் பலிகொண்ட நிகழ்வு. பெயரைச் சொல்லாமல் "ஓர் இயந்திரம், அதில் ஒரு ரப்பர் வளையம்" என்று மட்டும் சொல்லி, வளையம் சேதமான பயணங்களின் வெப்பநிலையை மட்டும் முதலில் கொடுக்க வேண்டும். அதில் ஒழுங்கு எதுவும் தெரியாது. சேதமே ஆகாத பயணங்களின் விவரத்தையும் யாராவது கேட்கும்வரை காத்திருங்கள். அதைச் சேர்த்து வரைந்தால், 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவப்பட்ட நான்கு முறையும் சேதம், அதற்கு மேலே சுமார் இருபதில் மூன்று முறை மட்டுமே சேதம் என்பது பளிச்சென்று தெரியும். ஏவப்பட்ட அன்று காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருந்தது.

"மாணவர்கள் கைப்பேசியில் விடையைத் தேடிவிட்டால்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். தேடட்டும். அந்த மாணவரிடம், "உனக்கு விடை தெரியும், மகிழ்ச்சி. அன்றைக்கு அங்கே இருந்தவர்களை எந்தச் சான்றைக் காட்டி நம்பவைப்பாய்?" என்று கேளுங்கள். அந்த வேலைக்கு விடை மட்டும் உதவாது.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யப் பயிற்சிதான் வேண்டும், எந்த நிகழ்வும் அதற்கு ஈடாகாது. பாடத்திட்டத்தில் ஒரு பருவத்துக்கு இரண்டு, மூன்று நிகழ்வுகளுக்கு மேல் திணிக்க வேண்டாம். மாணவர்களில் யாருடைய குடும்பத்தையாவது தொட்ட துயரத்தை ஒருபோதும் பாடப்பொருளாக்காதீர்கள். நிகழ்வுகளைத் தேட நல்ல இடம் விபத்து விசாரணை அறிக்கைகள். யாருக்கு எது எப்போது தெரிந்தது என்று நேர வரிசைப்படி அவற்றில் இருக்கும், எங்கே நிறுத்தலாம் என்பது படிக்கும்போதே புலப்படும்.

வினாத்தாளும் மாற வேண்டும். நிகழ்வைக் கொண்டு நடத்திவிட்டு, தேர்வில் "டைக்ளோஃபினாக் பாறுகளை எவ்வாறு பாதித்தது?" என்று கேட்டால் மனப்பாடம் திரும்பி வந்துவிடும். கால்நடை மருத்துவத்தில் டைக்ளோஃபினாக்கை இந்தியா 2006-இல் தடைசெய்தது. நான் கேட்கும் கேள்வி அதன் பிறகு, 2023-க்கு முந்தைய நிலையில் தொடங்குகிறது: "அசெக்ளோஃபினாக் என்ற வேறொரு வலி நிவாரணியை மாடுகளுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். இது தடைசெய்யப்பட்ட பட்டியலில் இல்லை. அனுமதி தரும் முன் நீங்கள் எந்தச் சோதனைகளைக் கேட்பீர்கள்? ஏன்?" பாறுக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுபவருக்குப் பாதி மதிப்பெண். மாட்டின் உடலுக்குள் போன பிறகு அந்த மருந்து என்னவாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என எழுதுபவருக்கு முழு மதிப்பெண். மாட்டின் உடலில் அது டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது, 2023-இல் இந்தியா அதையும் தடைசெய்தது என்ற தகவலை விடைத்தாள்களைத் திருப்பித் தரும் நாளில் சொல்லுங்கள்.